லினக்ஸ் டிஸ்க்குக்கு ஒரு டப்பா

என் கம்ப்யூட்டர் ஒரு நாள் மண்டையைப் போட்டுவிட்டது. பழுது பார்ப்பவர் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்து, "டிஸ்க் நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர். ஒரு கேசிங் வாங்கி மாட்டினா லேப்டாப்புல பாத்துக்கலாம்" என்றார். கேசிங் என்றால் டிஸ்க்கை உள்ளே வைத்துக் கேபிளால் இணைக்கிற டப்பா, அவ்வளவுதான். எனக்கோ அது உயிர்ப் பிரச்சினை. பள்ளிப் பிள்ளைகளுக்காக நானே படம் வரைந்து, நானே பேசி, பல வருடமாகச் சேர்த்த அறிவியல் பாட வீடியோ அத்தனையும் அதற்குள்தான். வேறு பிரதி கிடையாது.

மொரப்பூரில் அந்த டப்பா கிடைக்கவில்லை. சொட்டுநீர்க் குழாய் வாங்க வீட்டுக்காரர் தருமபுரி கிளம்பினார். டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, லேப்டாப்போடு பையில் போட்டுக்கொண்டு நானும் பஸ் ஏறினேன். தக்காளிச் செடிக்கு வருகிற நோயில் அவருக்குத் தெரியாதது இல்லை. கம்ப்யூட்டரில் ஆன் பண்ண மட்டும் தெரியும்.

அது தருமபுரியில் நாங்கள் நுழைந்த கம்ப்யூட்டர் கடைக்காரருக்குத் தெரியுமா? கேள்வி நான் கேட்பேன், பதில் வீட்டுக்காரருக்குப் போகும்.

"இது பெரிய டிஸ்க்குங்க. தனி அடாப்டர் வெச்ச டப்பாவாக் காட்டுங்க. என்கிட்ட விண்டோஸ் இல்லீங்க, எல்லாம் லினக்ஸ். அதுல ஓடணும்" என்றேன்.

"லினக்ஸெல்லாம் எதுக்குங்க சார்? விண்டோஸ் போட்டுக்கங்க" என்றார் கடைக்காரர், இவரிடம்.

இவர் தலையாட்டினார். கறுப்புக் கலர் டப்பான்னா அழுக்குத் தெரியாதுங்க சார் என்றார் கடைக்காரர், அதற்கும் தலையாட்டல். டீ சொல்லட்டுங்களா? தலையாட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டப்பாவைச் சோதித்துக் காட்டுகிறேன் என்று டிஸ்க்கை மாட்டி, தன் கம்ப்யூட்டரில் செருகினார் கடைக்காரர். அது விண்டோஸ். லினக்ஸ் டிஸ்க்கைப் படிக்கத் தெரியாமல், ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது. செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போச்சு. மவுஸ் அம்பு நேராக அந்தப் பொத்தானுக்குப் போனது.

"ஐயோ, தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"மேடம் பயப்படறாங்க சார். ஃபார்மேட் போட்டாத்தாங்க ஓப்பன் ஆகும். போட்டுடட்டுங்களா?"

இவரிடம் கேட்கிறார்! நடுவில் மேசை, என் கை எட்டாது. வந்ததிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கிற அந்தத் தலையைப் பார்த்தேன்.

இவர் எக்கி, கேபிளை வெடுக்கென்று பிடுங்கினார். "டிஸ்க் அவங்களுதுங்க. அவங்க வேணாம்னா வேணாம்."

கடைக்காரர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் லேப்டாப்பை எடுத்து டப்பாவை இணைத்தேன். தவளையின் இதயம், எரிமலை, மின்சுற்று எல்லாம் பத்திரமாக இருந்தன. போன உயிர் திரும்பி வந்தது. அந்த டப்பாவையே வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏங்க, ஃபார்மேட்னா என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? உன் மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல என்ன தெரியணும்?"