வாசலில் நின்று ஒரு குரல்

மலைமேல் வீடு வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மனைவி காலமான பிறகு, உபாத்தியாயர் வேலையை விட்டுவிட்டு, கொல்லிமலை வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். ஏமாந்துவிடக் கூடாதென்று அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி ஆசாரி ஒருவரையும் கூட்டிப்போனேன். அவர் உத்திரத்தை உளியால் குத்திப் பார்த்தார்; சுவரைத் தட்டினார்; ஓட்டின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"ஒரு பழுதும் இல்லீங்க, தைரியமா வாங்குங்க" என்றார்.

அன்று ஊரில் திருவிழா. வாசலுக்கு வாசல் ஆட்களும் சிரிப்புமாக இருந்தது. உண்மையில் நான் மயங்கியது அதில்தான். வாங்கிவிட்டேன்.

ஐப்பசியில் சாமை கதிர் பிடித்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு, பயிரைக் காட்டுப்பன்றி அழிக்காமல் காவல் காக்க வயல்காட்டுக் குடிசைகளுக்குப் போய்விட்டது. வருஷா வருஷம் அப்படித்தானாம். வாங்குமுன் நான் அதை விசாரிக்கவில்லை. அந்த வாரமே எனக்கு மலைக்காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் பாயில் கிடந்தபடி கூப்பிட்டேன். வெளியே மழை கொட்டியது. கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. யாரும் வரவும் இல்லை.

மூன்றாம் நாள், காவல் குடிசையிலிருந்து தன் வீட்டுக்கு உப்பு எடுத்துப்போக வந்த பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க ஊட்ல பொகையே காணோமுங்களே!"

அவள் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியில்தான் பிழைத்தேன்.

இப்போது யாருக்காவது வீடு பார்க்கத் துணைக்குப் போனால், கதிர்க் காலத்தில்தான் போகிறேன். உத்திரத்தைத் தொடுமுன் வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரை உரக்கக் கூப்பிடுகிறேன். பதில் குரல் வந்தால்தான் உள்ளே நுழைவேன்.

சில சாயங்காலங்களில் என் வாசலிலும் நின்று கூப்பிட்டுப் பார்க்கிறேன்.