அதே நாய்தான் வேண்டுமாம்

நாய்க்குட்டி விற்பவனிடம் புது நாய் கேட்டு வருகிறவர்கள் குறைவு. செத்துப்போன நாயைக் கேட்டு வருகிறவர்களே அதிகம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பக்கத்தில், அல்சேசன் குட்டி விற்றுத் தலை நரைத்தவன் நான். நாய் வளர்த்துப் பறிகொடுத்த உங்களுக்கு இதில் பாதி சொல்லாமலே விளங்கும்.

கடுவன் வீட்டுப் பங்கு

எங்கள் பக்கத்தில் கடுவனை, அதாவது ஆண் நாயைச் சேர்க்கைக்குத் தருகிறவர் கூலி வாங்குவதில்லை. பிறக்கும் குட்டிகளில் முதல் தெரிவு அவருக்கு. கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்யும் கந்தையா அண்ணையின் ஜிம்மியை என் பெட்டையோடு சேர்த்தேன். பிறந்ததெல்லாம் பெட்டைகள். அதிலொன்று கறுத்த காதும் நெற்றியுமாய் ஜிம்மியேதான். அண்ணை அதைத் தூக்கி, அடிவயிற்றைப் பார்த்து, கீழே விட்டார்.

"பெட்டையை வைச்சிருந்தால் ஊர்க் கடுவனெல்லாம் வேலியடியிலைதான் நிக்கும். எனக்கு வேண்டாம் தம்பி, நீயே வைச்சிரு."

காது

அடுத்த மழைக்கு, வாழைக்குலை வெட்டப்போன அண்ணையின் மனைவி மனோன்மணி அக்காவின் காலடியில் புடையன் பாம்பு. ஜிம்மி குறுக்கே பாய்ந்தது, கடி அதற்கு. அது செத்தபின் அக்கா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பத் தொடங்கினார்.

கனடாவிலிருக்கும் மகன், தோலில் ஒரு துண்டிருந்தால் குளோனிங் முறையில் அதே நாயைப் பிறப்பிக்கலாம், துண்டைக் குளிரில் வையுங்கள் என்றான். அண்ணை காதை வெட்டி, மீன் வைக்கும் பிறீசரில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது காது கல்லாய்க் கிடந்தது. குளிர வேண்டும், ஆனால் உறையக்கூடாது, உறைந்தால் தோலின் உயிர் போய்விடும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்த தொலைபேசியில் மகன் தலையிலடித்துக்கொண்டான். அண்ணை விடவில்லை.

"பாரை மீன் மாதக்கணக்கிலை கிடக்குது. இது மட்டும் ஏனடா பழுதாகுது?"

கடுவனிலிருந்து கடுவன்

இருந்தாலும் அந்த முறை அண்ணைக்குப் பிடித்துவிட்டது. "கடுவனிலையிருந்து கடுவன். பெட்டையே தேவையில்லை, என்ன?" என்றார்.

"இல்லையப்பா. ஒரு பெட்டையைக் கீறித்தான் முட்டை எடுப்பினம். கருவைச் சுமக்க இன்னொரு பெட்டை. கனக்கக் கரு அழிஞ்சும் போகும்" என்றான் மகன்.

குசினி வாசலில் நின்ற அக்கா அன்றுதான் முதலில் வாய் திறந்தார்.

"அங்கையும் பெட்டையைத்தானோ கீறுறாங்கள்?"

கறுத்த காதுக் குட்டி

அண்ணை என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கறுத்த காதுக் குட்டி கிடக்கே? இண்டைக்கே வாறன்."

அந்தக் குட்டிகளைப் பெட்டை என்று ஒருவரும் எடுக்கவில்லை என்றேன். ஊசி போட்டும் பார்வோ என்ற கழிச்சல் நோய் வந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கடைசியாகப் போனது அதுதான்.

திரும்பினால், பின்னால் அக்கா. ஜிம்மிக்குக் குட்டி பிறந்ததே அவருக்குத் தெரியாது. என்னைப் பார்க்கவில்லை, அண்ணையைத்தான் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, கடுவனோ பெட்டையோ எண்டு நான் கேட்டிருப்பனோ?"

செத்த நாயைத் திரும்பப் பெற இப்போது இரண்டு வழி இருக்கிறதாம்: அதன் குட்டி ஒன்று, குளோனிங் ஒன்று. இரண்டுக்கும் ஒரு பெட்டை வேண்டும் என்பதை மட்டும் என் வாடிக்கையாளர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை.