இடது கை வில்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொன்றும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் காலையில் குளியலறையில் ஒரே ஒரு வேலையைத் தவிர அதற்கு வேறெதுவும் ஒதுக்கப்படவில்லை. அந்தக் கையால் பூ வாங்கினால் குற்றம், கோலப்பொடி எடுத்தால் குற்றம், பக்கத்து வீட்டு மாமியிடம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரிய குற்றம். நானோ பிறவியிலேயே இடது கைக்காரி. மலையாள ஊரான ஸ்ரீவராகத்தில் எங்கள் தமிழ்த் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், நான் வாங்கிய திட்டுகள் எல்லாம் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்தே கேட்கும்.

திட்டுகிறவள் அத்தை, அப்பாவின் அக்கா. அப்பாவும் அம்மாவும் காலை ஒன்பதுக்கு ஆபீஸ் கிளம்பிவிட்டால் சாயங்காலம் ஆறு மணி வரை வீடும் நானும் அவள் ஆட்சியில்தான். அடுப்பில் கிளறிக்கொண்டிருப்பாள், முதுகு என் பக்கம் இருக்கும். நான் இடது கையால் தம்ளரை எடுப்பேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தக் கையை எடுடி" என்பாள். அவளுக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்று வெகுநாள் நம்பினேன்.

பள்ளிக்கூடத்தில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அங்கே இடது கையால் எழுதினேன். வீட்டுப்பாடத்தை மட்டும் அத்தையின் கண்ணெதிரே வலது கையால் எழுதினேன். ஒரே நோட்டில் ஒரு பக்கம் முத்து முத்தாகவும் மறுபக்கம் கோழி கிளறியது போலவும் இருக்கும். வீட்டில் யார் எழுதித் தருகிறார்கள் என்று டீச்சர் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்.

பதினோரு வயதில், கோடை விடுமுறையில், நீச்சல் வகுப்பில் இடம் கிடைக்காததால் என்னை வில்வித்தை வகுப்பில் சேர்த்தார்கள். முதலில் கொடுத்தது மூங்கில் வில். மூங்கில் வில்லுக்கு இடமும் தெரியாது, வலமும் தெரியாது. வலது கையில் வில்லைப் பிடித்து இடது கையால் நாணை இழுத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் என் அம்பு நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்தில் போய்க் குத்தியது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் இடது கை ஒரு காரியம் செய்ததற்கு யாரோ கை தட்டினார்கள். அன்றைக்கு நான் பஸ்ஸில் போகாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

கற்றுக்கொடுத்த ஸார் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இனி எனக்குக் காம்பவுண்ட் வில் வேண்டும் என்றார். அதன் இரண்டு முனையிலும் சக்கரம் இருக்கும். இழுக்கத் தொடங்கும்போது கனக்கும். கடைசியில் சக்கரம் உருண்டு முடிந்ததும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். இழுத்த நாணைப் பிடித்தபடி நிதானமாகக் குறி பார்க்கலாம். மாவட்டத் தேர்வில் அந்தப் பிரிவில் நிற்கச் சொந்த வில் வேண்டும். அதுவரை வீட்டில் நான் எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதைக் கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "விலை என்னாகும்?" என்றார்.

விலை என்ற சொல் காதில் விழுந்தால் போதும், எங்கிருந்தாலும் சித்தப்பா வந்துவிடுவார். புதிதாகச் சாமான் வாங்குகிறவன் முட்டாள் என்பது அவருடைய கொள்கை. வீட்டு ஃபிரிட்ஜ், அப்பாவின் ஸ்கூட்டர், ஏன், எங்கள் ஊஞ்சல் பலகைகூட அவர் யாரிடமோ பாதி விலைக்குப் பேசி முடித்ததுதான். மூன்றே நாளில் ஒரு கல்லூரிப் பையனிடமிருந்து பழைய வில் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஒரு வாரம் தவணை.

கறுப்பு நிறத்தில் பார்க்க அமர்க்களமாக இருந்தது. சித்தப்பா எழுந்து நின்று வலது கையால் இழுத்தார். பாதி வந்ததும் முகம் சிவந்து, இருமல் வருவதாகச் சொல்லிக் கீழே வைத்துவிட்டார். அப்பாவும் வலது கையால் இழுத்துப் பார்த்தார். அதன்பின் ஒரு வாரம் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். நானும் அவர்களைப் போலவே வலது கையால் இழுத்தபோது நாண் அசையவே இல்லை.

"வளர்ற பொண்ணு அண்ணா" என்றார் சித்தப்பா. "ஸ்கூல் ஷூ ரெண்டு சைஸ் பெரிசாத்தானே வாங்கறோம்? முன்னால பஞ்சு வெச்சுக்கறா இல்லையா? வில்லும் அப்படித்தான், கேட்டயா."

வில்லுக்குள் பஞ்சு வைக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். அது வலது கைக்காரர்களுக்கான வில். அம்பு வைக்கும் இடம், குறி பார்க்கும் ஊசி, கைப்பிடியின் வளைவு எல்லாமே அந்தப் பக்கத்துக்கென்று செய்யப்பட்டவை. மூங்கில் வில்லைப் போல இதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. அதைச் சொன்னேன்.

அடுக்களை வாசலில் நின்றிருந்த அத்தையின் முகம் மலர்ந்தது. "அப்போ நல்லதாப் போச்சு. இதுலயாவது நல்ல கை பழகட்டும்."

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாட்டா வில்லே வேண்டாம். மதி."

மதி என்றால் போதும் என்று அர்த்தம். அத்தை மலையாளத்தில் ஒரு சொல் சொன்னால் அதற்கு அப்பால் மேல்முறையீடு கிடையாது. அக்காவுக்கு எதிராக அப்பா பேசி நான் கேட்டதே இல்லை. இந்த வில்லை எடுத்துக்கொள், இல்லையென்றால் வகுப்பை விட்டுவிடு என்பதாக முடிந்தது. நான் அழவில்லை. அழுதால் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சித்தப்பா பெண்ணின் ஆயுஷ்ஹோமம். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கூடத்தில் முப்பது இலை போட்டிருந்தது. எனக்கு வலது பக்கம் சித்தியின் அப்பா, இடது பக்கம் யாரோ ஒரு பெரிய மாமி. பச்சடி வந்தது, கறி வந்தது, சாதம் வந்தது, பருப்பு வந்தது. நெய்க் கிண்ணத்தோடு அத்தை வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

நான் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். இடது கையால் சாதத்தைப் பிசைந்தேன்.

அழகாகச் சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டேன். பழக்கமே இல்லாத கை. பருப்பு மணிக்கட்டு வரை வழிந்தது. பாதி சாதம் பாவாடையில் விழுந்தது. சித்தியின் அப்பா கையை உதறிக்கொண்டு தன் இலையை ஒரு சாண் தள்ளி நகர்த்திக்கொண்டார். பெரிய மாமி, "ஐயையோ, கொழந்தைக்குக் கையில என்ன ஆச்சு?" என்று உரக்கக் கேட்டாள். அத்தை என் எதிரே வந்து நின்றாள்.

"நாலு பேர் பார்க்கறா. அந்தக் கையை எடு."

"எடுக்கமாட்டேன்."

நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குனிந்து என் இலையைச் சோறு கறியோடு அப்படியே மடித்து எடுத்தாள். பந்தியில் உட்கார்ந்தவர் இலையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுப்பதைவிடப் பெரிய அவமானம் எங்கள் தெருவில் கிடையாது. வாசலுக்கு வந்த பரதேசிக்குக்கூட யாரும் அப்படிச் செய்ததில்லை. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. வெறும் தரையின் முன்னால் இடது கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு ஏத்த வில் வாங்கித் தாங்கோ, நான் இந்த வீட்டுல வலது கையால சாப்பிடறேன்" என்றேன். "இல்லாட்டா யார் வந்தாலும் இப்படித்தான் சாப்பிடுவேன். தீபாவளிக்கும் இப்படித்தான். என் கல்யாணத்துக்கும் இப்படித்தான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த இலையிலிருந்து பருப்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது வரிசையின் மறுகோடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அது அவர் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அக்கா, அவளுக்கு இலையைப் போடு."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புது இலை கொண்டுவந்து போட்டாள். சாதம் போட்டாள், பருப்பு விட்டாள், நெய்யும் விட்டாள். நானும் விடவில்லை. பாயசம் வரை இடது கையாலேயே சாப்பிட்டு முடித்தேன். இன்றுவரை அந்தச் சாப்பாட்டுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, இனியும் கேட்பதாக இல்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் ஸாரைப் பார்க்க வந்தார்கள். இடது கைக்குத் தனி வில் என்பதெல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை என்று நிரூபிக்கச் சித்தப்பா தயாராக வந்திருந்தார். ஸார் வாதாடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்துக் குழாயைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். எந்தக் கண் திறந்திருக்கும்போது குழாய் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுதான் குறி பார்க்கிற கண். எனக்கு இடது கண். அப்பாவுக்கு வலது. சித்தப்பாவுக்கும் இடது கண் என்று வந்தது. அவர் ஒத்துக்கொள்ளாமல் நான்கு தடவை பார்த்தார். ராத்திரி சரியாகத் தூக்கமில்லை என்று காரணம் சொன்னார்.

"கை அல்ல ஸாரே காரியம், கண்ணாணு" என்றார் ஸார். கை முக்கியமில்லை, கண்தான் முக்கியம் என்கிறார் என்பது அப்பாவுக்குப் புரிந்தது. என் கையும் கண்ணும் ஒரே பக்கத்தில் இருப்பது அதிர்ஷ்டம், அதைப் போய் மாற்றாதீர்கள் என்றும் சொன்னார். என் இடது கையை ஒருவர் அதிர்ஷ்டம் என்று சொல்லி அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு என்னைச் சுவரோரம் இரண்டு கைகளையும் விரித்து நிற்கவைத்து அளந்தார். ஐம்பத்தைந்து அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் இருபத்திரண்டு, என்னால் நாணை அவ்வளவுதான் இழுக்க முடியும். சித்தப்பா கொண்டுவந்த வில் வளர்ந்த ஆணுக்கானது, அதைக் குறைக்க வழியே இல்லை. பழகுகிறவர்களுக்கென்று இன்னொரு வகை இருக்கிறது, புதிதாகவே வாங்கினாலும் ரொம்ப விலையில்லை என்றார் ஸார். அதில் ஒரு திருகாணியைத் திருகினால் பாரம் கூடும், சக்கரத்தில் உள்ள ஒரு துண்டை மாற்றினால் நீளம் கூடும். இந்த வயதில் வாங்கினால் கல்லூரி வரை அதே வில் போதும்.

சித்தப்பாவின் முகம் தெளிந்தது. "அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்! வளர்ற பொண்ணுக்கு வளர்ற வில்."

இடது கைக்கு என்றால் தனியாகச் சொல்லி வரவழைக்க வேண்டும், இரண்டு மாதமாகும் என்றார்கள் கடையில். அதற்குள் மாவட்டத் தேர்வு முடிந்துவிட்டது. வில்லுக்குப் பணம் போனதால் அந்த வருஷம் வரவேண்டிய வாஷிங் மெஷினும் வரவில்லை. அத்தை கல்லில் துணி துவைத்தாள், என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் வாக்குக் கொடுத்தபடி வீட்டில் வலது கையால் சாப்பிட்டேன். அவள் தட்டை வைப்பாள், நான் சாப்பிடுவேன். நான் ஜெயித்துவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

வில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கூரியரில் வந்தது. பள்ளி விடுமுறை, அப்பாவும் அம்மாவும் ஆபீஸில். நானும் அத்தையும்தான் வீட்டில். கூடத்தில் பெட்டியைப் பிரித்தேன். வில்லை எடுத்து ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு, திருகாணிச் சாவி எங்கே என்று பெட்டிக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கிரீச் என்று மெல்லிய சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

அத்தை வில்லை இழுத்துக்கொண்டு நின்றாள். வலது கை வில்லைப் பிடித்திருந்தது. இடது கை நாணைக் கன்னம் வரை கொண்டுவந்திருந்தது. சக்கரம் உருண்டு பாரம் குறைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் துளியும் நடுங்கவில்லை. தலைப்பு தோளிலிருந்து சரிந்து கிடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்பு இல்லாமல் நாணை விட்டால் வில் அங்கேயே உடைந்துவிடும் என்று ஸார் நூறு தடவை சொல்லியிருந்தார். "அத்தை, விட்டுடாதேங்கோ! மெதுவா, மெதுவா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு நாணை மெல்ல மெல்ல, பிள்ளையைத் தொட்டிலில் விடுவது போலத் திரும்பக் கொண்டுபோய் விட்டாள்.

"ஒண்ணும் தெரியாம எதுக்கு இதைத் தொடறேள்?" என்று நான் வில்லைப் பிடுங்கிக்கொண்டேன். அத்தை இடது கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். சக்கரத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று நான் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என்னைப் பார்த்து அப்படிப் பிடித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் நான் இடது கையால் வில்லை இழுத்து அவள் பார்த்ததே இல்லை, மைதானத்துக்கு அவள் வந்ததும் இல்லை. எங்கள் கூடத்தில் வில்லை இழுத்தவர்கள் அப்பாவும் சித்தப்பாவும் நானும். மூன்று பேரும் வலது கையால்தான் இழுத்தோம். அவள் கைக்கு யாரும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வீட்டில் இடது கை எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நம்பி, எல்லோரோடும் சண்டை போட்டு ஜெயித்த பெண், இன்னொரு இடது கையிலிருந்து வில்லைப் பிடுங்கிக்கொண்டாள். அத்தைக்கு அன்று வயது ஐம்பதுக்கு மேல். "இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கோ அத்தை" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.