பதினான்கு நாள் அறிவிப்பு

அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் குண்டூசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி, தலை மட்டும் சற்றுப் பெரிது. சட்டைப் பையின் ஓரத்தில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். வட்டார சுகாதார ஆணையத்தில் இருபத்தாறு வருடமாக அலுவலக உதவியாளர். கோப்பு தூக்குவது, தேநீர் கொண்டுபோவது, கூட்ட அறையில் நாற்காலி போடுவது என்று பொழுது ஓடும். வாசலில் நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில் இருந்த கண்ணாடி அறிவிப்புப் பலகையும் அவர் பொறுப்புதான். அதன் பூட்டுக்கு ஒரே சாவி, அது அவர் இடுப்பில்.

அந்தப் பலகை சும்மா வந்ததல்ல. முன்பொரு முறை ஆணையம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பிரசவ வார்டை இழுத்து மூடி, வலியோடு வந்த பெண்கள் பூட்டிய கதவைத் தட்டி நின்று, ஊரே கொந்தளித்த பிறகு வந்த விதி அது. இனி எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவை மூடுவதாக இருந்தாலும் அதைத் திறந்த கூட்டத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டத்துக்குப் பதினான்கு நாள் முன்னதாகவே அறிவிப்பு வாசலில் தொங்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பெயர் கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் புதிய செயலாளர் வந்தார். வந்த மாதமே, குண்டூசி காலையில் அறிவிப்பை மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் பின்னால் வந்து நின்றார்.

"இதை ரெண்டு ஃபோட்டோ எடுத்துக்கோ. ஒண்ணு முதல் நாள், ஒண்ணு கடைசி நாள்னு ஃபைல்ல போட்டுக்கலாம். எடுத்ததும் கழட்டி உள்ள வச்சிடு."

பதினான்கு நாள் இருக்க வேண்டுமே என்று குண்டூசி தயங்கினார். செயலாளர் கோபப்படவில்லை. தோளில் கை போட்டார். "கூட்டம் சேர்ந்தா கூச்சல்தான் மிஞ்சும்ப்பா. நமக்கு வேலை நடக்கணும் இல்லையா?"

அந்த 'நமக்கு' குண்டூசியைக் குளிர வைத்துவிட்டது. இருபது வருடத்தில் எந்த அதிகாரியும் அவரைத் தன்னோடு சேர்த்துப் பேசியதில்லை. கழற்றினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதேதான். மாட்டுவது, படம் எடுப்பது, கழற்றி மேசை இழுப்பறையில் போடுவது. ஐந்து நிமிட வேலை. கூட்ட நாளன்று பொதுமக்களுக்கென்று நாற்பது நாற்காலி போடுவார். கூட்டம் முடிந்ததும் யாரும் உட்காராத நாற்பதையும் அடுக்கி வைப்பார். இந்த ஜனங்களுக்கு எதிலும் அக்கறையே கிடையாது என்று தேநீர் குடிக்கும் இடத்தில் அவரே பேசியிருக்கிறார். பேசும்போது அது பொய் என்றுகூட அவருக்கு உறைத்ததில்லை.

அவருக்கு ஒரு அக்கா. முப்பது வருடம் பேருந்து நடத்துநர். டிக்கெட் எடுக்காமல் எடுத்தேன் என்று சாதிப்பவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனதால் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த கிழக்கு மருத்துவமனைக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் படுத்துவிட்டு வருவார். பக்கத்துக் கட்டிலில் ஒரு கொத்தனார். அவர் மருத்துவமனைச் சுவரில் ஒவ்வொரு விரிசலையும் காட்டி, இதைப் பூசியவன் யார், எவ்வளவு சிமெண்டைத் தின்றிருப்பான் என்று கணக்குச் சொல்வாராம். அக்கா சிரித்துச் சிரித்து, ஊசி குத்திய கை ஆடுகிறது என்று செவிலியிடம் திட்டு வாங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து கிழக்கு மருத்துவமனையில் அந்தப் பிரிவு இல்லை. ஒன்பது இயந்திரங்களும் தலைமை மருத்துவமனைக்குப் போகின்றன. இரண்டு பேருந்து மாறி, ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். திரும்பவும் அவ்வளவு.

"உங்க ஆபீஸ்லதானே முடிவு பண்ணியிருக்காங்க? உனக்கு முன்னாடியே தெரியாதா?"

"எனக்கு என்னக்கா தெரியும்? நான் டீ கொடுக்கிறவன்."

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டை மடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குண்டூசி அலுவலகம் திறந்ததும் இழுப்பறையைத் துழாவினார். கிடைத்தது. ஏழாவது பொருள்: கிழக்கு மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவைத் தலைமை மருத்துவமனையுடன் ஒருங்கிணைத்தல். நான்கு மூலையிலும் அவர் குத்திய குண்டூசியின் துளை. ஒருங்கிணைத்தல் என்று நாசூக்காகப் போட்டிருந்தார்கள். மூடுவது என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அவர் மாட்டியபோது அந்த வரியைப் படிக்கக்கூட இல்லை. காகிதம் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. மென்று விழுங்கினார். அக்கா பேருந்தில் போய்வரத் தொடங்கினார். வீட்டுக்கு வந்து சேரும்போது நடை தள்ளாடும், சாப்பாடு இறங்காது. இரண்டு முறை போகவே முடியாமல் கால் வீங்கிக் கிடந்தார். குண்டூசி பழம் வாங்கிக்கொண்டு போவார், கட்டில் ஓரத்தில் உட்காருவார், எழுந்து வந்துவிடுவார்.

ஏழாவது வாரம் அக்கா ஒரு காலை நேரத்தில் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கொத்தனார் போய்விட்டார். திரும்பி வரும் பேருந்தில் அக்காவின் தோளில்தான் சாய்ந்திருக்கிறார். அசதியில் தூங்குகிறார் என்று அக்கா அசையாமலே உட்கார்ந்து வந்திருக்கிறார். இறங்கும் இடம் வந்ததும் எழுப்பியிருக்கிறார். "உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சுடா," என்றார். "நான் முப்பது வருஷம் பஸ்ல நின்னவ. எத்தனை பேரை எழுப்பி இறக்கி விட்டிருக்கேன்."

குண்டூசியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அறிவிப்பை மாட்டியது, படம் எடுத்தது, கழற்றியது, ஆறு வருடக் கதை எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி கொட்டினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி வாசற்படிக்கு வந்து நின்றார்.

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "டிக்கெட் எடுக்காம எடுத்தேன்னு சொன்னவங்க எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். உன்னை மட்டும் நான் சோதிச்சுப் பார்த்ததே இல்லைடா."

அவ்வளவுதான். சுவரைப் பிடித்து எழுந்து போய்விட்டார். மனைவி அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார். இந்தத் திருட்டு வேலை பார்த்துவிட்டுத்தான் தினமும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வந்தீர்களா என்று கேட்டார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. தம்பியை எங்கும் குறிப்பிடாமல், நோயாளிகள் இருபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, அறிவிப்பு வாசலில் இல்லவே இல்லை, அதனால் முடிவு செல்லாது என்று மேல்முறையீடு போட்டார். விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட நடுத்தர வயது அம்மையார். விசாரணை ஆணையத்தின் கூட்ட அறையிலேயே நடந்தது. நோயாளிகள் பக்கம் பத்து நாற்காலி போதும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். குண்டூசி இருபத்தைந்து போட்டார். அன்று அவர் செய்த முதல் கீழ்ப்படியாமை அது. யாரும் கவனிக்கவில்லை.

செயலாளர் எழுந்து நின்று பேசினார். ஆணையத்தில் ஒளிவுமறைவே கிடையாது, எல்லாம் வெட்ட வெளிச்சம், மக்கள் வராதது மக்களின் விருப்பம் என்றார். பேச்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு இரண்டு படங்களை நீட்டினார். முதல் நாள், பதினான்காம் நாள், கீழே தேதி, அவருடைய கையெழுத்து. அதிகாரி வாங்கிப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த அக்காவிடம், படம் இருக்கிறதே, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"நான் பார்க்கலைன்னுதான் சொல்ல முடியும்," என்றார் அக்கா.

அதிகாரி பேனாவைத் திறந்தார். குண்டூசி சுவரோரம் தண்ணீர்க் கூஜாவோடு நின்றிருந்தார். செயலாளர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி படர்வது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. கொத்தனார் செத்ததற்கு அந்த முகத்தில் ஒரு கோடுகூட இல்லையே என்று தோன்றியது. கூஜாவை மேசை மேல் வைத்தார். வைத்த வேகத்தில் தண்ணீர் தெறித்தது.

"அந்த ரெண்டு படமும் ஒரே காலையில எடுத்தது மேடம்."

எல்லோரும் திரும்பினார்கள். செயலாளர் சிரித்தார். இவர் கொஞ்ச நாளாகவே ஒரு மாதிரியாக இருக்கிறார், குடும்பப் பிரச்சினை என்று அதிகாரியிடம் சமாதானம் சொன்னார்.

"நான்தான் எடுத்தேன் மேடம். பலகைக்குக் கீழே பாருங்க, ஒரு குடை சாஞ்சிருக்கு. என் குடை. அன்னிக்கு மழை. ரெண்டு படத்துலயும் தரையில ஈரம் ஒரே மாதிரி இருக்கும்."

அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்தார். குடையிலிருந்து வழிந்த நீர் இரண்டு படத்திலும் ஒரே கோடாக ஓடி, ஒரே இடத்தில் வளைந்திருந்தது. எத்தனை முறை இப்படி நடந்தது என்று கேட்டார்.

"ஆறு வருஷமா. எல்லாக் கூட்டத்துக்கும். மாட்டுறது நான், கழட்டுறது நான். சொன்னது இவரு." செயலாளரை நோக்கி விரலை நீட்டினார். நீட்டியபடியே பேசினார். "இந்த ஜனங்களை முட்டாளாக்கினோம் மேடம். அவங்க வரலைன்னு நாங்களே சொல்லிச் சிரிச்சோம். ஒரு மனுஷன் பஸ்லயே செத்துப்போனாரு. மூணு நிமிஷம் பேசறதுக்கு விட்டிருந்தா அவரே வந்து சொல்லியிருப்பாரு, எனக்கு அவ்வளவு தூரம் முடியாதுய்யான்னு."

அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. முடிவு செல்லாது, முறையாக அறிவித்து மறுபடி கூட்டம் நடத்த வேண்டும். அதே வாரம் குண்டூசிக்கும் ஒரு கடிதம் வந்தது. அறிவிப்பைத் தன்னிச்சையாக அகற்றியதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். தன்னிச்சையாக! அந்தச் சொல்லை நாலு முறை படித்தார். செயலாளர் எழுதிக்கொடுத்த விளக்கத்தில், தமக்கு எதுவும் தெரியாது, நம்பிக்கை வைத்தது மட்டுமே தம் தவறு என்று இருந்ததாம். ஆறு வருடம் தோளில் கிடந்த கை கடைசியில் கழுத்துக்கு வந்து சேர்ந்தது. செயலாளரைத் தலைமையகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அறை முன்பைவிடப் பெரிது என்று கேள்வி.

குண்டூசி வீட்டில் முடங்கவில்லை. பணிநீக்கத்தில் இருந்தபடியே பதினான்கு நாளும் காலையில் அலுவலகம் போய், வாசலில் நின்று, அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காவலாளி உள்ளே விட முடியாது என்றார். பொதுமக்கள் பார்ப்பதற்குத்தானே மாட்டியிருக்கிறது, நான் இப்போது பொதுமக்கள்தான் என்றார் இவர். அப்புறம் யாரும் தடுக்கவில்லை.

கூட்டத்துக்கு முன்னூறு பேர் வந்தார்கள். நாற்பது நாற்காலி எந்த மூலைக்கு? படிக்கட்டு வரை நின்றார்கள். அக்கா மூன்று நிமிடத்தில் கொத்தனாரின் கடைசிப் பயணத்தைச் சொன்னார், நிறுத்தம் நிறுத்தமாக, நடத்துநர் சொல்வதுபோல. உறுப்பினர்களில் இரண்டு பேர் கடைசி வரை கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாக்கெடுப்பில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிரிவைத் திறக்க முடிவாயிற்று. ஆனால் ஐந்து இயந்திரங்கள்தான் திரும்பி வந்தன. மற்ற நான்கும் அங்கே பொருத்தியாகிவிட்டது, பிடுங்க முடியாது என்றார்கள். ஐந்தில் எல்லோருக்கும் இடமில்லை. எட்டு பேர் இன்னமும் பேருந்தில்தான் போகிறார்கள்.

குண்டூசியை இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்ப எடுத்து, ஊர்க்கோடியில் இருந்த மருந்துக் கிடங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டி எண்ணும் வேலை. பழைய சகாக்கள் எதிரில் வந்தால் சாலையைத் தாண்டிப் போனார்கள்.

அக்கா பேசத் தொடங்கியது அதற்கும் பிறகுதான். அதுவும் தேவைக்குத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை குண்டூசி கிடங்கிலிருந்து மதிய இடைவேளையில் கிழக்கு மருத்துவமனைக்குப் போனார். அக்கா ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்தார். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வெளியாகியிருக்கிறது, என் இடத்துக்கு வந்த புது ஆளிடம் பிரதி வாங்கி வந்திருக்கிறேன் என்று சொல்லி எடுத்துப் படித்தார். எட்டுப் பக்கம். உறுப்பினர்கள் பேசியது ஒவ்வொன்றும் வரிவரியாக இருந்தது. அக்கா பேசியதற்கு ஒரே வரி: பொதுமக்களில் சிலர் தங்கள் சிரமங்களைத் தெரிவித்தனர்.

"கொத்தனார் பேரு இருக்கா?"

"இல்லக்கா."

"செத்துப்போனாருன்னு?"

"அதுவும் இல்ல."

அக்கா கூரையைப் பார்த்தார். இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. குண்டூசிக்கு அன்று கூட்ட அறையில் வந்த அதே கோபம் மறுபடி வந்தது. குறிப்பைத் திருத்தச் சொல்லி முறையீடு கொடுக்க முப்பது நாள் இருக்கிறது, விதியில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

"கட்டிலுக்கு அடியில பையில பேப்பர் இருக்கு, எடு," என்றார் அக்கா. "நான் சொல்றேன், நீ எழுது. ஒரு வார்த்தை விடக்கூடாது."

குண்டூசி பேனாவைத் திறந்து, தொடை மேல் காகிதத்தை வைத்து, மேலே தேதியைப் போட்டார்.