காவலரண் பக்கத்து மரத்துக் கள்

நிலாவெளியையும் தாண்டிவிட்டேன், ஆனாலும் இறக்கக்கண்டியின் கருவாட்டு மணம் என்னை விடாமல் கூடவே நடந்து வந்தது. அங்கே வலையும் வள்ளமும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் கரைவலை இழுக்கும் வேலையில் இருந்தேன். ‘இருந்தேன்’ என்பதுதான் சரியான சொல். கடலில் இறங்கக் கடற்படையின் பாஸ் வேண்டும். பாஸ் கிடைத்த நாளில் நேரம் முடிந்திருக்கும். இரண்டும் கிடைத்த நாளில் மீன் வராது. மீனுக்கும் யாரோ பாஸ் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்கள் போலிருந்தது. “கடல் திறக்கட்டும், சம்பளம் எல்லாம் பாத்துத் தருவன்” என்று சம்மாட்டியார் கிழமைக்கு ஒருமுறை சொல்வார். கடல் திறக்கும்போது என் கண் மூடியிருக்கும் என்று பட்டது. சாரத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு திருகோணமலைப் பட்டினத்தை நோக்கி நடந்தேன்.

பஸ் ஓடத்தான் செய்தது. சண்டைக் காலத்து பஸ் என்பது பாதி பஸ், பாதி நடை. அது என்னைத் தூசியால் மூடிவிட்டுப் போகும். அடுத்த சோதனைச்சாவடியில் அதன் பயணிகள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் வரிசையாக நிற்பார்கள். நான் நடந்துபோய் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வேன். உப்புவெளிக்குக் கிட்ட, முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, நீரும் இந்த பஸ்ஸோ? எங்கை இருந்தனீர், காணேல்லையே?”

“இல்லை ஐயா, நான் நடந்து வாறன்.”

“அப்ப ரிக்கற் எடுத்த நாங்கள்தான் விசரர்,” என்றார்.

பின்னேரம் பட்டினத்துக்குள் வந்து, உள்துறைமுகப் பக்கம் திரும்பியபோது திருக்கை மீன் பொரிக்கும் மணம் வந்தது. என் கால்கள் என்னிடம் கேட்காமலே அந்தப் பக்கம் போயின. கூரை பிய்ந்த ஒரு பழைய கிட்டங்கிக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று. உடைந்த வள்ளத்துப் பலகைகளில் செய்த வாங்குகள், கால் ஒன்று குட்டையான ஒரு கதிரை, மூலையில் அடுப்பு. கள்ளுக்கொட்டில்தான். ஆனால் மற்றக் கொட்டில்களைப்போல எங்கேயோ இறக்கிய கள்ளை வாங்கி விற்கிற இடமல்ல. புருஷன் மரத்தில் ஏறி இறக்குவார். மனைவி வடித்து, பக்கத்திலேயே நண்டும் திருக்கையும் மரவள்ளிக்கிழங்கும் சமைத்து விற்பார். கடலும் மரமும் குசினியும் ஒரே வளவுக்குள் அடக்கம். நட்சத்திர விடுதிக்காரர் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். ஆனால் நட்சத்திர விடுதிக்காரர் எல்லோரும் அந்த நாட்களில் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“என்ன இருக்கு அக்கா?”

“கள்ளு இருக்கு. கள்ளுக் குடிக்கிறதுக்கு வேண்டிய கவலையும் இருக்கு. எது முதல்ல வேணும்?”

ஊரடங்குக்கு முன்னால் குடித்து முடிக்க வேண்டும் என்பதால் அங்கே எல்லோரும் கொஞ்சம் அவசரமாகத்தான் குடித்தார்கள். ஒருவர் மட்டும் விதிவிலக்கு. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர்; கிளாக்கர் என்று அழைத்தார்கள். அந்தக் குட்டைக்கால் கதிரை அவருக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர் கள்ளைக் குடிப்பதில்லை, விசாரணை செய்வார். தகரப் பேணியைச் சரித்து நுரையைப் பார்ப்பார். மூக்கை உள்ளே விட்டு இழுப்பார். பிறகு ஒரு மிடறை வாயில் வைத்து, பல்வலிக்காரன் உப்புத் தண்ணீரை வைத்திருப்பதுபோல இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டுவார். மற்றவர்கள் தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள்.

“காவலரண் பக்கத்து மரம்,” என்றார் என்னைப் பார்த்து, நான் கேட்டதுபோல. “கடல் காத்தும் கப்பல் புகையும் படுறதாலை அதுக்கொரு தனிக் குணம். இண்டைக்கு முதிர்ச்சி வேறை. இந்த வருசம் இப்பிடி ஒண்டு நான் குடிக்கேல்லை.”

நானும் ஒரு மிடறு குடித்தேன். புளித்து நாக்கை அறுத்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர், நெஞ்சிலும் தொடையிலும் மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டு, கைகளை அகட்டிவைத்தபடி இருந்தார். அவர்தான் மரம் ஏறும் சீவல்காரர், அக்காவின் புருஷன்.

“அது நேற்று இறக்கினது,” என்றார் அவர். “புளிச்சதை முதிர்ச்சி எண்டுறார்.”

கிளாக்கர் அசையவில்லை. “முதிர்ச்சி எண்டால் பின்னை என்ன, நாளையான் கள்ளோ?” என்று கேட்டுவிட்டு அடுத்த மிடறுக்குப் போனார்.

இன்றைய கள் ஏன் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த வளவைச் சுற்றி முந்தி ஒரு தோப்பே இருந்ததாம். மற்றப் பனைகள் எல்லாம் தறிக்கப்பட்டு, பதுங்குகுழிகளுக்கு மேலே குறுக்காகப் படுத்துவிட்டன. கடற்படைக் காவலரணுக்கு முன்னால் நின்ற மூன்று மட்டும் மிஞ்சின. அவற்றில் ஏறினால் துறைமுகம் முழுவதும் தெரியும். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று அதிகாரிகளை விடச் சீவல்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, பழைய காவல்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். துறைமுகத்து உயிர்காப்பு அங்கி ஒன்றை, நல்ல செம்மஞ்சள் நிறத்தில், அவரிடம் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டு ஏறினால் சுடமாட்டோம் என்றார்கள். தண்ணீரில் மிதப்பதற்கான அங்கியைப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் பனை ஏறிய மனிதர் அவர். மூழ்கிப்போகும் பயம் மட்டும் அவருக்கு இருந்திராது.

அன்று காலையும் அப்படித்தான் ஏறியிருக்கிறார். பாதி மரத்தில் நிற்கும்போது கீழேயிருந்து ஒரு சத்தம், பிறகு வானத்தைப் பார்த்து ஒரு வெடி. கையையும் காலையும் விட்டு, நெஞ்சாலேயே மரத்தை உரசிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த மஞ்சளும் எண்ணெயும் அதற்குத்தான்.

“பழைய ஆக்கள் மாறிப் போயிட்டாங்க,” என்றார் கிண்ணியாவிலிருந்து நண்டு கொண்டுவரும் முஸ்லிம் பெரியவர்; ‘நானா’ என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் கள்ளைத் தொடமாட்டார். நண்டைக் கொடுத்துவிட்டு ஒரு சோடாவோடு கதை கேட்க இருப்பவர். “நேத்து ராவு லொறியில புதுசா எறங்கியிருக்காங்க. அந்தச் சட்டையப் பத்தி இவங்களுக்கு யாரு சொன்னது? கடல்லருந்து வந்த ஆள் மரத்துல ஏறுறான்னுதான் நெனச்சிருப்பாங்க.”

“நாலைஞ்சு நாள் ஏறாமல் இருந்து பாக்கிறது,” என்றார் கிளாக்கர்.

“நான் இருப்பன். பாளை இருக்காது,” என்றார் சீவல்காரர். “இண்டைக்குச் சீவேல்லை. நாளைக்கும் சீவாட்டி மூண்டு மரமும் காஞ்சு போம். பிறகு வாற வருசம்தான்.”

அக்கா கரண்டியை அடுப்பு விளிம்பில் தட்டினார். “அதுவரைக்கும் நான் நண்டுக்குத் துணையாப் பச்சைத்தண்ணி விக்கவோ?”

அதன் பிறகு சபை கூடியது. வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஏறலாம் என்று ஒருவர் சொன்னார்.

“பனை வட்டுக்குள்ள போய் ஆரிட்டைச் சரணடையிறது? காகத்திட்டையோ?” என்றார் சீவல்காரர்.

பாடிக்கொண்டே ஏறினால் சந்தேகப்படமாட்டார்கள் என்றார் இன்னொருவர்.

“இவர் பாடினால் முதல் வெடி மேலை வையாங்கள், நேரையே வைப்பாங்கள்,” என்றார் அக்கா.

கடைசியில், யாராவது காவலரணுக்குப் போய் நேரே பேசிவிடுவதுதான் வழி என்று கிளாக்கர் தீர்மானித்தார். எல்லோரும் கிளாக்கரைப் பார்த்தார்கள். சிங்களத்தில் அரசாங்கப் பரீட்சை சித்தியடைந்தவர் என்று அவரே பல தடவை சொல்லியிருந்தாராம்.

“நான் போகலாம்,” என்றார் அவர். “ஆனா என்ரை சிங்களம் எழுத்துச் சிங்களம். நான் போய் வாயைத் திறந்தால் விசயம் உத்தியோகபூர்வமாப் போகும். பிறகு கொழும்பு வரைக்கும் போய் நிக்கும்.”

கொழும்புக்குத் தொந்தரவு கொடுக்க யாரும் விரும்பவில்லை. நானாவுக்குப் படகு போகிற நேரம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் திடீரென்று வீட்டு ஞாபகம் வந்தது.

நானா எழும்பும்போது சும்மா கேட்பதுபோல என்னிடம் கேட்டார். “தம்பி, இறக்கக்கண்டிக்கு முன்னால எங்க நின்டீங்க?”

நானும் சும்மாதான் சொன்னேன். “தம்புள்ளையிலை. சாப்பாட்டுக் கடை ஒண்டிலை.”

தம்புள்ளை சிங்கள ஊர்; எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்கா சட்டிக்குள் கையை விட்டு, இருந்ததில் பெரிய நண்டுக்கால் ஒன்றை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அதை நான் கேட்கவில்லை. உலகத்தில் கேட்காமல் வருகிற நண்டுக்காலைப்பற்றி எனக்கு அதற்குமுன் அனுபவம் இருந்திருந்தால் அதைத் திருப்பி வைத்திருப்பேன். காலையில் ஒரு வாழைப்பழத்தோடு வெளிக்கிட்டவன் நான், கடித்துவிட்டேன்.

“என்ன வேலை பாத்தனீர் அங்கை?” என்று கேட்டார் சீவல்காரர்.

“பஸ்ஸாலை இறங்கிற சனத்தைக் கடைக்குள்ள கூப்பிடுற வேலை.”

“அப்ப கூப்பிடத் தெரியும்,” என்றார் அவர், முடிவாக.

அன்றிரவு அங்கேயே படுத்தேன். யாராவது கேட்டால் நான் திரியாயிலிருந்து வந்த அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி. அரை மணி நேரத்துக்குள் எனக்கு ஒரு குடும்பமும், காவலரணில் போய்ச் சிங்களத்தில் பேசுகிற ஒரு கடமையும் கிடைத்துவிட்டன.

விடிந்ததும் புறப்பட்டோம். அந்த அங்கியை விட்டுவிட்டு வாருங்கள் அண்ணை, அதுதான் பிரச்சினை என்றேன். கேட்கவில்லை. “அது இல்லாமல் ஏறினால் எனக்குக் கால் நடுங்கும்,” என்றார். போட்டுக்கொண்டு, கள் முட்டிகளையும் பாளைக்கத்தியையும் இடுப்பில் கட்டிக்கொண்டு, எனக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி நடந்து வந்தார்.

காவலரணில் மணல் மூட்டைக்கு மேலே ஒரு துவக்கும் அதற்குப் பின்னால் மீசை முளைக்காத ஒரு முகமும் தெரிந்தன. நில் என்று சத்தம் வந்தது. நின்றேன். கைகளை உயர்த்தினேன். இரவு முழுவதும் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி கறிகளின் பெயர். மீதிப் பாதி முதலாளி என்னைத் திட்டியது. மரியாதையான வசனம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு வருடம் நாள் முழுக்கக் கத்தியது அது. வாயைத் திறந்ததும் சிங்களத்தில் அதுதான் வந்தது:

“வாங்க மாத்தயா, உள்ளே வாங்க, சூடாகச் சாப்பாடு இருக்கிறது!”

துவக்கு கொஞ்சம் இறங்கியது. அந்தப் பையன் திரும்பி உள்ளே யாரையோ கூப்பிட்டான். வாயில் பல்துலக்கும் பிரஷோடு பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். நான் மரத்தைக் காட்டினேன், அங்கிக்காரரைக் காட்டினேன், கள்ளுக்கான சிங்களச் சொல்லைச் சொன்னேன். குடிக்கிற மாதிரிக் காட்டினேன். பாளை, சீவாவிட்டால் காயும் என்பதெல்லாம் என் சிங்களத்தில் இல்லை. ‘கறி தீய்ந்து போகும்’ என்று சொன்னேன். அவர் பிரஷை எடுத்துத் துப்பிவிட்டு, அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவன் ஏறலாம், என்றார். ஆனால் நீ இங்கே, என் கண்ணுக்கு முன்னால், கையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் இறங்கும் வரைக்கும். ஒவ்வொரு நாளும்.

நான் மொழிபெயர்த்ததும் அண்ணை சந்தோசப்பட்டார். “அவ்வளவுதானே? நில்லும். சாப்பாடும் படுக்கையும் எங்கடை. பின்னேரம் ஒரு போத்தலும்,” என்றார். நான் ஓம் என்று சொன்னேனோ தெரியாது. கைகள் ஏற்கெனவே தலையில் இருந்தன. மறுப்பதற்கு அது வசதியான நிலையல்ல.

அவர் முதல் மரத்தில் ஏறினார். மேலே கத்தி பாளையைச் சீவும் சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் கேட்கவில்லை. முட்டியைக் கட்டிவிட்டு இறங்கினார். இரண்டாவது மரமும் ஆயிற்று. பையன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் தோள் இரண்டும் எரியத் தொடங்கின.

மூன்றாவது மரத்தடிக்குப் போன அண்ணை, அங்கியின் பொத்தானைத் தளர்த்திவிட்டு நிழலில் குந்தி, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, நரம்பைக் கிள்ளி, ஆறுதலாகச் சுண்ணாம்பு தடவினார்.

“அண்ணை, கெதியா ஏறுங்கோவன்,” என்றேன்.

“அவசரப்படுத்தாதையும் தம்பி,” என்றார் அவர். “நானெல்லோ வேலை செய்யிறன். நீர் சும்மாதானே நிக்கிறீர்.”