மின்மினி என்னை மட்டும் ‘வாங்க’ கேட்கவில்லை

நெடுநாள் யோசனைக்குப் பிறகு இன்று காலை கட்சி மாறினேன். இனி நான் மின்மினியின் ரசிகன் அல்ல, ராங்கியின் ரசிகன்.

இருவரும் கணினியில் வரைந்த பொம்மை முகத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு, இணையத்தில் நேரலையாக வீடியோ கேம் விளையாடிக் காட்டுபவர்கள்.

மின்மினிக்கு நரிக் காது. தோற்றால் அழுவாள். வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ‘வாங்க’ என்று கேட்பாள்; வரவேற்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

ராங்கிக்குக் கொம்பு. வந்தவர்களைத் திட்டுவாள். எல்லோரையும் ஒரே அளவில் திட்டுவதால் யாருக்கும் மனக்குறை இல்லை.

நேற்று மின்மினி என்னை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டாள். எங்கள் பக்கம், ‘வாங்க’ கேட்கவில்லை என்று கல்யாண வீட்டு வாசலோடு திரும்பியவர்கள் உண்டு.

‘ராங்கியிடம் உண்மை இருக்கிறது. மின்மினியின் பணிவு வெறும் வேஷம்’ என்று, அங்கே நான் வழக்கமாக வரும் புனைபெயரில், மின்மினியின் பக்கத்திலேயே எழுதிவிட்டு, கண்டனூரில் பங்காளி வீட்டுக்குப் போனேன்.

அவருடைய புது மருமகள் போனை நீட்டினாள்.

“மாமா, இந்த மின்மினி நாந்தேன். ஒருத்தரை வாங்க கேக்க மறந்துட்டேன். எப்படி எழுதிருக்காருன்னு பாருங்க. பேசாம நிப்பாட்டிரலாமான்னு இருக்கு.”

“யாரோ வேலையத்த பயலா இருப்பான்” என்றேன்.

“அப்படிச் சொல்லாதீக மாமா, பாவம், மனசு நொந்து எழுதிருக்காரு. நீங்கதேன் நல்லா எழுதுவீகளே, ஒரு மன்னிப்பு எழுதித் தாங்க.”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே எழுதிக் கொடுத்தேன். நன்றாகவே வந்தது.

மாலை நேரலையில் அவள் அதை வாசித்தாள். ரசிகர்கள் உருகிப்போய், குறை சொன்ன ஆளை வெளியேற்றச் சொன்னார்கள்.

வெளியேற்றப்பட்டேன்.