எதிர்வீட்டுப் பங்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று எண்ணிப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் மாதா கோயில் சுவர் மறுபடி எழும்பிய வருடம் நினைவுக்கு வருகிறது. ஐப்பசி மழையில் பழைய சுவர் சரிந்தபோது, அதன் ஓரம் ஒதுங்கி நின்ற என் அத்தை மகள் செல்வி அதிலேயே போய்விட்டாள்.

தை அறுப்பு முடிந்ததும் தெருவே கூடிக் கட்டியது. அவரவர் வீட்டுக்கு எதிரே உள்ள சுவரை அவரவரே எழுப்ப வேண்டும். அதற்குப் "பங்கு" என்று பேர். எல்லாப் பங்கும் எழும்பிய பிறகும் அத்தை வீட்டெதிரே மட்டும் திறந்தே கிடந்தது. அத்தை கோயிலுக்கும் வருவதில்லை, யாரோடும் பேசுவதுமில்லை.

"அக்கா பங்க நாமளே கட்டிடுவோமுங்க" என்றார் அப்பா.

"வேணாம்யா. நாம கட்டிட்டா, அவங்க இந்தத் தெருவுல இல்லன்னு ஆயிடும்" என்றார் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார்.

நன்றித் திருநாளன்று, வேதத்தில் எருசலேம் மதிலை எடுத்துக் கட்டிய ஜனங்கள் செய்ததுபோல, பாடிக்கொண்டே சுவரைச் சுற்றி வந்தோம். அந்த இடைவெளி வந்ததும் மேளம் தானாக நின்றது. அத்தை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. யாரும் தாண்டிப் போகவில்லை.

"சோறு கொழையுதுங்க" என்றார் சமையல்காரர்.

"கொழையட்டும்டா, பல்லு போனவங்களுக்கு வசதி" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒரு கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு அத்தை வந்தார்.

"எம்புள்ள மேல வுழுந்த கல்லு தம்பி. தூக்கிப் போடவும் மனசு வரல, வூட்டுல வச்சிப் பாக்கவும் முடியல. எங்க வைக்க?"

அப்பா அந்த இடைவெளியைக் கை காட்டினார். "அடியில வையிக்கா" என்றார்.

அத்தையே வைத்தார். பிறகு திருநாள் சட்டையோடு தெருவே சாந்து குழைத்தது. பாடியவர்கள் யார், அழுதவர்கள் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம் அது. பொழுது சாய்ந்தபின் அந்தக் குழைந்த சோற்றை அத்தையும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்போது அங்கே கான்ட்ராக்டர் கட்டிய ஹாலோபிளாக் சுவர் நிற்கிறது. நல்ல உறுதியான சுவர்தான். யாருக்கும் அதில் பங்கில்லை. போன திருநாளில் ஒரு வீட்டார் வரவேயில்லை என்பதை, இலை எடுத்த பிறகுதான் கவனித்தோம்.

மாசி மாதம், முதல் ஞாயிறு.